மறைத்த வாசல் அடைத்த வாசல் ஆகாது

வீட்டு ரவுட்டரில் திறந்து கிடக்கும் வாசல்களைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்து வைத்துவிட்டால் வீடு பத்திரம் என்ற அபிப்பிராயம் படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கிறது. வாசலின் எண்ணை மாற்று, வெளியிலிருந்து தட்டுவோருக்குப் பதில் சொல்லாதே, இருப்பதே தெரியாமல் இரு என்று யோசனை சொல்லுகிறவர்கள் பலர். இந்த யோசனையில் சிறிது உண்மை உண்டு. அந்தச் சிறிதை முழுதென்று நம்பியவர்கள் அடைந்த நஷ்டத்தின் சரித்திரமும் நம் கண்முன் இருக்கிறது.

இது இயந்திரம் அறிந்தவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமன்று. நம் கடிதங்கள், கணக்குகள், சங்கங்களின் அங்கத்தினர் ஜாபிதா, வங்கிக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் சுவரில் மாட்டிய அந்தச் சிறு பெட்டியின் வழியாகவே போய் வருகின்றன. பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்கள் தங்கள் அலமாரிக்குப் பூட்டுப் போடுகிறார்கள். டெலிபோனில் பேசும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள். ஆனால் எல்லாம் கடந்து செல்லும் வழியைத் திறந்து போட்டுவிட்டு, அது யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். இந்நிலையைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்வது அவசியமாகிறது.

முதலில் வாசல் என்பது எது என்று தெரிந்துகொள்ளவேண்டும். இணையத்தில் ஒவ்வொரு விலாசத்துக்கும் 1 முதல் 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள் உண்டு. பொறியாளர்கள் அவற்றை போர்ட் என்பார்கள். இணையப் பக்கங்களுக்கு 80-ம் 443-ம். இயந்திரத்தைத் தூரத்திலிருந்து ஆளுவதற்கு 22. அதே வேலைக்குப் பழைய காலத்து டெல்நெட்டுக்கு 23. இணைப்புத் தரும் கம்பெனி தன் ஆபீஸிலிருந்தே ரவுட்டரைச் சீர் செய்வதற்கு 7547 என்று வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இங்கே ஒரு விஷயத்தை வாசகர்கள் நன்றாக மனத்தில் கொள்ளவேண்டும். வீட்டிலிருந்து நாம் பத்திரிகை படிப்பதற்கும், கடிதம் அனுப்புவதற்கும், சினிமா பார்ப்பதற்கும் வெளியாருக்காக ஒரு வாசலும் திறந்திருக்கவேண்டியதில்லை. நாம் கேட்டதற்கு வரும் பதிலை ரவுட்டர் அடையாளம் கண்டு தானே உள்ளே விட்டுக்கொள்ளும். சாதாரணக் குடும்பத்துக்குத் தேவையான திறந்த வாசல்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

அப்படியானால் திறப்பவர் யார்? மூவர். தொலைவிலிருந்து நிர்வகிக்கும் வசதியைத் திறந்தபடியே விட்டு விற்பனைக்கு அனுப்பும் தொழிற்சாலையும் கம்பெனியும் முதலாவது. வாசலில் மாட்டிய காமிராவை ஆபீஸிலிருந்தே பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டு வழி வெட்டிக்கொடுக்கும் வீட்டுக்காரர் இரண்டாவது. மூன்றாவதுதான் விசித்திரம். யு.பி.என்.பி. என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதன்படி, வீட்டிலுள்ள விளையாட்டுப் பெட்டியோ காமிராவோ, எஜமானரைக் கேளாமலே ரவுட்டரிடம் சொல்லி ஒரு வாசலைத் திறந்துகொள்ளலாம். வேலைக்காரன் கேட்டான் என்று காவற்காரன் கதவைத் திறந்துவிடுகிறான். வீட்டுக்காரருக்குச் சேதியே இல்லை.

இப்படித் திறந்த வாசலை அடைக்காமல் மறைப்பதற்குச் சொல்லப்படும் யுக்திகள் முக்கியமாக இரண்டு. 22-ல் இருப்பதை 2222-க்கோ வேறு எண்ணுக்கோ மாற்றுவது ஒன்று. தட்டுகிறவனுக்கு 'இல்லை' என்றுகூடச் சொல்லாமல் மௌனம் சாதிப்பது மற்றொன்று. இரண்டும் வாசல் மாடத்தில் சாவியை வைத்துவிட்டு ஊருக்குப் போகிறவரின் யுக்தியைச் சேர்ந்தவை. தமக்கு மட்டுமே தெரியும் என்று அவர் நினைக்கிறார். திருடன் முதலில் கைவிட்டுப் பார்க்கும் இடமே அதுதான்.

இணையத்துத் திருடன் தெருத்தெருவாக நடந்து அலுத்துப் போகிறவன் அல்லன். பழைய முறை இணைய விலாசங்கள் மொத்தம் சுமார் 429 கோடி. 2013-ல் அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் ஸீமேப் என்ற கருவியை வெளியிட்டார்கள். நல்ல வேகமுள்ள இணைப்பும் ஒரே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால், அவ்வளவு விலாசங்களிலும் குறிப்பிட்ட ஒரு வாசல் திறந்திருக்கிறதா என்று 45 நிமிஷத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். ஒருவர் நிதானமாகச் சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போட்டுக்கொள்ளும் நேரத்தில் பூலோகம் முழுவதும் கதவு தட்டியாகிவிடுகிறது! இப்படித் தட்டித் திறந்திருப்பவற்றுக்கு ஜாபிதா தயாரித்து, தேடுவோருக்குக் கொடுக்கும் ஷோடான் என்ற ஸ்தாபனம் 2009 முதலே நடந்து வருகிறது. ஒரு வீட்டின் 65,535 வாசல்களையும் சோதிக்க வேண்டுமானாலும் அதற்குக் கருவி இருக்கிறது. எண்ணை மாற்றி வைத்த வாசலைத் தட்டியவுடன், உள்ளே இருக்கும் நிரலே தன் பெயரையும் சில சமயம் தன் வயதையும் சொல்லிவிடுகிறது. மௌனத்தின் கதியும் இதுவே. ஆளில்லாத விலாசத்தைத் தட்டினால் முந்திய நிலையத்து ரவுட்டர் 'அங்கே எவருமில்லை' என்று சொல்லுவது பல இடங்களில் வழக்கம். ஆகவே ஒரு பதிலும் இல்லாமற் போவதே, அங்கே ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்பதற்குச் சாக்ஷியாகிவிடுகிறது.

பூட்டுச் செய்கிறவர்களும் சங்கேத லிபி வல்லுநர்களும் இந்த உண்மையை வெகு காலத்துக்கு முன்பே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். லண்டனில் பிராமா கம்பெனியார் தங்கள் பூட்டைக் கடை ஜன்னலிலேயே வைத்து, திறக்கிறவருக்கு 200 கினி தருவதாக விளம்பரம் செய்திருந்தார்கள். 1851-ல் நடந்த மகா பொருட்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் 16 நாட்களில் சுமார் 51 மணி நேரம் பாடுபட்டு அதைத் திறந்தார். பூட்டுகளின் குறையை இப்படிப் பகிரங்கப்படுத்தலாமா என்று அப்பொழுது பெரிய விவாதம் எழுந்தது. திருடர்களுக்கு இது முன்பே தெரியும். தெரியாதவர் பூட்டை நம்பிப் பணம் வைத்தவரே என்பது ஹாப்ஸ் பக்ஷத்தாரின் சமாதானம். 1883-ல் கெர்க்காஃப்ஸ் என்ற அறிஞர் ராணுவச் சங்கேதத்தைப் பற்றி எழுதுகையில், முறை முழுவதும் சத்துருவின் கையில் சிக்கினாலும் கெடுதல் நேராதிருக்கவேண்டும், ரகசியம் சாவியில் மட்டுமே இருக்கவேண்டும் என்று விதி வகுத்தார். பிராமாவின் பூட்டு பல வருஷங்கள் வீதி பார்க்க நின்றது, ஒளிந்து நிற்கவில்லை. பலமுள்ள பூட்டுக்கு மறைவிடம் வேண்டாம். மறைவிடம் தேவைப்படும் பூட்டுக்குப் பலம் இல்லை.

அனுபவம் என்ன சொல்லுகிறது? 2011-ல் பிரேஸில் தேசத்தில் சுமார் 45 லட்சம் மோடெம்களின் உள்ளே அந்நியர் நுழைந்தார்கள். அவர்கள் முதலில் தொட்டது கணினிகளை அன்று. விலாசம் கேட்டால் வழி சொல்லும் ஏற்பாட்டை மோடெமில் மாற்றி எழுதினார்கள். வங்கியின் பெயரைச் சரியாக எழுதியவர்களும் திருடன் கட்டிய போலி வங்கிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். தங்கள் கணினியில் மட்டும் குறை தேடியவர்களுக்கு மூலகாரணம் அகப்படவில்லை. குறை சுவரில் இருந்தது.

2016-ல் வெளிப்பட்ட மிராய் என்னும் நச்சு நிரல் இன்னும் எளிய வழியில் போயிற்று. 23, 2323 என்ற இரண்டு வாசல்களைத் தட்டியது. தொழிற்சாலையில் வைத்த அறுபதுக்குச் சற்று மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. 2323 என்பது 23-ஐ மறைத்து வைக்கப் பலர் உபயோகித்த எண் என்பதை, எண் மாற்றச் சொல்லும் நண்பர்கள் கவனிக்கவேண்டும். முதல் 20 மணி நேரத்தில் ஏறக்குறைய 65,000 கருவிகள் அதன் வசமாயின. உச்சத்தில் 6 லட்சம். அந்தச் சேனையின் ஒரு பகுதியைக் கொண்டு 2016 அக்டோபர் 21-ந் தேதி டைன் என்ற கம்பெனியைத் தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலிய பெரிய ஸ்தாபனங்கள் அமெரிக்காவில் பலருக்கும் எட்டாமற் போயின. தாக்கியவை யாருடைய கருவிகள்? குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் கடையைக் காவல் காக்கவும் ஜனங்கள் காசு கொடுத்து வாங்கி மாட்டிய காமிராக்களும் ரவுட்டர்களுமே.

அடுத்த மாதமே ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் கம்பெனியின் சுமார் 9 லட்சம் வாடிக்கைக்காரர்கள் இணைப்பை இழந்தார்கள். அதே நச்சு நிரலின் வேறொரு உருவம் 7547-ம் வாசலை உலகமெங்கும் தட்டிக்கொண்டு வந்தது. அவர்களுடைய ரவுட்டர்கள் அதற்கு வசப்படாவிட்டாலும் தட்டுதலின் பாரம் தாங்காமல் நிலைகுலைந்து நின்றுவிட்டன. 2017 ஜூலையில் நம் தேசத்திலேயே பி.எஸ்.என்.எல். வாடிக்கைக்காரர்களின் மோடெம்கள் தாக்கப்பட்டன. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாதவர்களே அதில் சிக்கினார்கள். உடனே மாற்றும்படி ஸ்தாபனம் கேட்டுக்கொண்டது.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது, மறைப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று சொல்லிவிடலாமா? அதுவும் நியாயமாகாது. எண்ணை மாற்றினால் சோம்பேறித் திருடர்களின் தட்டல் குறையும்; பதிவுப் புஸ்தகத்தில் குப்பை குறையும். வயர்கார்ட் என்ற வி.பி.என். ஏற்பாடு, சரியான சாவி காட்டாதவனுக்கு ஒரு பதிலும் சொல்வதில்லை. இருப்பதே வெளியே தெரிவதில்லை. ஆனால் அங்கே மௌனம் காவலாக நிற்கவில்லை. காவலாக நிற்பது சாவி. மௌனம் அதன் மேல் போர்த்திய துணி. ஆகவே வரிசை இதுதான்: தேவையற்றதை அடை, தேவையானதைப் பூட்டு, பூட்டிய பின் வேண்டுமானால் மறை.

வீட்டுக்காரர் செய்யவேண்டியது அரை மணி நேர வேலை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குப் போகவேண்டும். பெட்டியின் அடியில் ஒட்டிய சீட்டில் அதன் விலாசம், பெரும்பாலும் 192.168.1.1 என்பது போல, அச்சிட்டிருக்கும். தொழிற்சாலை வைத்த நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றவேண்டும். வைஃபைக்குள்ள கடவுச்சொல் வேறு, இது வேறு. ரிமோட் மேனேஜ்மென்ட் என்று எழுதியிருப்பதை நிறுத்தவேண்டும். யு.பி.என்.பி.யை நிறுத்தவேண்டும். போர்ட் ஃபார்வர்டிங் ஜாபிதாவைத் திறந்து, காரணம் தெரியாத ஒவ்வொரு வரியையும் அழிக்கவேண்டும். கம்பெனியார் வெளியிட்டிருக்கும் புதிய ஃபர்ம்வேரை ஏற்றவேண்டும். புதியது வருவதே நின்றுபோன பழைய பெட்டியானால், அது வேலை செய்கிறது என்பதற்காக வைத்திருக்காமல் மாற்றவேண்டும். வெளியூரிலிருந்து வீட்டுக் கருவியைப் பார்த்தே ஆகவேண்டியவர்கள் தனி வாசல் வெட்டாமல் வி.பி.என். வழியாக வரவேண்டும். எல்லாம் முடிந்தபின், வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்க்கச் செய்து ஊர்ஜிதம் செய்துகொள்ளவேண்டும்.

பெட்டியை நிறுத்தி மறுபடி போட்டால் நோய் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். மிராய் போன்றது ஞாபகத்தில் மட்டும் தங்குவதால் போவது உண்மையே. கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் மறுபடி தட்டும்போது திரும்பி வந்துவிடுவதும் உண்மை. மற்றும் சிலர், எங்கள் கம்பெனி ஒரே பொது விலாசத்தைப் பல வீட்டாருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. ஆகவே எங்களை எவரும் தட்ட முடியாது என்பார்கள். பழைய முறை விலாசத்துக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் ஐ.பி.வி.6 என்ற புதிய முறையில் வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி விலாசம் கிடைக்கிறது. அம்முறையின் உபயோகத்தில் உலகின் முன்னணி தேசங்களில் இந்தியாவும் ஒன்று. புதிய விலாசங்கள் கணக்கற்றவை. எல்லாவற்றையும் வரிசையாகத் தட்டுவது ஆகாத காரியம். என்றாலும் விலாசம் வேறு வழியில் தெரிந்துபோனால், ரவுட்டரின் தடுப்புச் சுவர் ஒன்றே காவல். அது இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

இதுவரை சொன்னது வீட்டுக்காரரின் கடமை. இனிச் சொல்லப்போவது பிரஜைகளின் உரிமையைப் பற்றியது. திறந்த வாசல்கள் ஊரெங்கும் மலிந்துவிட்டால் முதலில் திருடன் நுழைகிறான்; அவனைத் துரத்த அடுத்தபடி ஸர்க்கார் நுழைகிறது. 2022-ல் அமெரிக்க ஸர்க்கார் கோர்ட்டு உத்தரவு பெற்று, ருஷ்ய ராணுவ உளவுப் பகுதி வசப்படுத்தியிருந்த தடுப்புக் கருவிகளுக்குள் நுழைந்து நச்சு நிரலை அகற்றியது. அவற்றின் வெளி நிர்வாக வாசல்களையும் தானே அடைத்தது. தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத நூற்றுக்கணக்கான ரவுட்டர்களில் தடுப்பு விதிகளை மாற்றி எழுதியதை 2024 பிப்ரவரியில் அறிவித்தது. ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே சென்றது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி, 2019 பிப்ரவரி முதல் சுமார் 20 கோடி விலாசங்களில் பிரஜைகளின் கருவிகளை ஸர்க்கார் ஸ்தாபனமே தட்டி, எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொற்களைச் சொல்லிப் பார்த்து, திறந்துகொண்டவற்றின் சொந்தக்காரர்களுக்குக் கம்பெனிகள் மூலம் எச்சரிக்கை அனுப்ப ஏற்பாடு செய்தது.

இவை நல்ல எண்ணத்துடன் செய்யப்பட்டவை என்பதில் நமக்கு ஆக்ஷேபணை இல்லை. அமெரிக்காவில் நியாயாதிபதியின் அனுமதியும் ஜப்பானில் சட்டசபையின் அங்கீகாரமும் இருந்தன. ஆயினும், எஜமானர் அறியாமல் வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போகும் அதிகாரம் ஒரு தடவை வழக்கமாகிவிட்டால், அடுத்த தடவை அது தாழ்ப்பாளோடு நிற்கும் என்பதற்கு ஜாமீன் யார்? சோதனை வாரண்டின் எல்லையைப் பற்றி வழக்காடிய எந்த வக்கீலும் இக்கேள்வியை லேசாகத் தள்ளமாட்டார். தன் வாசலைத் தானே அடைத்துக்கொண்ட வீட்டுக்குள் நுழைய ஸர்க்காருக்குச் சாக்குக் கிடையாது. சுதந்திரத்தைக் காப்பதில் இந்தச் சிறு தாழ்ப்பாளுக்கும் பங்கு உண்டு.

குற்றவாளிகளைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. நமது 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவு, சொந்தக்காரர் அனுமதியின்றி நுழைந்தவனை நஷ்ட ஈட்டுக்கு உள்ளாக்குகிறது. 66-வது பிரிவு, வஞ்சக எண்ணத்துடன் அதைச் செய்தவனுக்கு 3 வருஷம் வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. 75-வது பிரிவின்படி, இந்தியாவிலுள்ள கணினி சம்பந்தப்பட்டிருந்தால் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் இச்சட்டம் செல்லும். ஆனால் வேறு கண்டத்தில், திருடிய மூன்று ரவுட்டர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனைக் கூண்டில் நிறுத்துவது எத்தனை வழக்குகளில் சாத்தியம்? பிடித்துத் தண்டிக்கும் சட்டத்தைக் காட்டிலும், வாசலைத் திறந்து விற்காதே என்று தடுக்கும் சட்டமே இங்கே பலன் தரும்.

அத்தகைய சட்டங்கள் பிற தேசங்களில் வந்துவிட்டன. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்பதைக் கலிபோர்னியா 2020 ஜனவரி முதல் தடுத்தது. 9 லட்சம் வீடுகளின் அனுபவத்தைப் பெற்ற ஜெர்மனி, 2018-ல் ரவுட்டர்களுக்கென்றே பாதுகாப்பு விதிமுறை வெளியிட்டது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் பொதுக் கடவுச்சொல் கூடாது. எத்தனை காலம் வரை பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதையும் கம்பெனி பகிரங்கமாகச் சொல்லவேண்டும். நம் நாட்டிலும் தொலைத்தொடர்புக் கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஏற்பாடு உண்டு. அந்தச் சான்று ஜனங்களின் கைக்கு வரவேண்டும் என்பதே நமது கோரிக்கை. எந்த வாசலும் வெளியாருக்குத் திறந்திராத நிலையிலேயே பெட்டி வீட்டுக்கு வரவேண்டும். திருத்தம் கிடைக்கும் கடைசித் தேதி பெட்டியின் மேலேயே அச்சிடப்படவேண்டும். கடவுச்சொல்லை மாற்றும் விதம் தமிழிலும் மற்ற தேச பாஷைகளிலும் எழுதி உடன் கொடுக்கப்படவேண்டும். இணைப்புத் தரும் கம்பெனி தனக்கென்று ஒரு வாசல் வைத்துக்கொள்வதானால், அதை வாடிக்கைக்காரருக்குத் தெரிவித்து, தன் நிலையத்திலிருந்து மட்டுமே திறக்கும்படி பூட்டிவைக்கவேண்டும். இவற்றில் ஒன்றும் கம்பெனிகளைத் திவாலாக்கும் செலவன்று.

சட்டம் வரும் வரையில் காத்திருக்கவேண்டியதில்லை. சங்கங்களின் காரியாலயங்களிலும் வாசகசாலைகளிலும் விஷயம் தெரிந்த வாலிபர்கள் இருக்கிறார்கள். வாரம் ஒரு மாலை ஒதுக்கி, பேட்டையிலுள்ள வீடுகளின் ரவுட்டர்களை, வீட்டுக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவர் கையாலேயே சீர்செய்து கொடுக்கலாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. நம் வாசலை நாம் பார்க்காமல் இருப்பதால் பிறரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பியிருந்த காலம் போதும். அடைக்கவேண்டிய கதவை அடைப்போம். அதன் பிறகு விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டே நிம்மதியாக இருக்கலாம்.